ஈர்க்குக்கு அடங்காத வட்டம்

"கிளம்புறேன், திரும்பிடுறேன். மறுபடி கிளம்புறேன், மறுபடி திரும்பிடுறேன். எனக்கு இருக்கிறது காலா, ராட்டினமான்னே தெரியல தாயி."

சீனியம்மா இதைத் தரையில் நின்று சொன்னாள். கேட்டவள் பரண் மேல் உட்கார்ந்திருந்தாள்.

பரணைச் சுற்றி உப்புவெளி. கண்ணுக்கு எட்டினவரை வெள்ளை. எப்போதோ கடல் உள்ளே வந்து, கொஞ்ச காலம் இருந்து பார்த்து, பிடிக்காமல் போய்விட்ட இடம். விடிகிற நேரத்தில் அங்கே வானமும் தரையும் ஒரே நிறத்தில் இருக்கும். தூரத்தில் நடந்து வருகிற ஆளுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று நமக்கே சந்தேகம் வரும்.

பரண் மேல் இருந்தவள் பெயர் தவமணி. சீனியம்மாவின் மகள் வயதுதான் இருக்கும். எந்த ஊர்க்காரி, யார் பெற்ற பிள்ளை, ஒருவருக்கும் தெரியாது. அவள் கீழே இறங்கி யாரும் பார்த்ததில்லை. சோறும் தண்ணீரும் கயிற்றில் மேலே போகும். மனசு கலங்கினவர்கள் அவளைத் தேடி வருவார்கள். வந்தவர்களுக்கு அவள் ஆறுதல் சொன்னதாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். போக வேறு இடம் இருக்கிறவர் உப்புவெளிக்கு ஏன் வரப்போகிறார்?

"எங்க கிளம்புறீங்க?" என்று தவமணி கேட்டாள்.

சீனியம்மா சொன்னாள். சுருக்கமாகச் சொல்வது அவளுக்கு வராது. நான் சுருக்கிவிடுகிறேன்.

அவளுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். சீனியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே செத்துப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை.

இப்போது இளையவள் முத்துக்கனி மாசமாக இருக்கிறாள். தெற்கூரில், புருஷன் வீட்டில். ஏழாம் மாதம் பெற்றவள் போய் வளையல் போட்டுக் கூட்டிவர வேண்டும். ஏழாம் மாதம் போய்விட்டது. எட்டில் கூட்டி வர மாட்டார்கள். இது ஒன்பது. பெற்றவள் வந்து கூப்பிடாமல் பெண் படி இறங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அம்மா வந்தால் வருகிறேன், வராவிட்டால் இங்கேயே கிடக்கிறேன் என்று முத்துக்கனி மீன்காரியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

சீனியம்மா கண்ணாடி வளையலை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவாள். பாதி வழியில் மூத்தவளின் விரல்கள் தன் கைக்குள் தளர்ந்தது ஞாபகம் வரும். கால் தானாகத் திரும்பிவிடும். வீட்டுக்கு வந்து அழுவாள். அழுது முடித்து மறுபடி கிளம்புவாள்.

"இது ராசியில்லாத கை தாயி. இதை வச்சுக்கிட்டு அவளையும் கூட்டிட்டு வந்து..." சீனியம்மா முடிக்கவில்லை. "பயமா இருக்கு. போகவும் முடியல, இருக்கவும் முடியல. ஒரு வார்த்தை சொல்லுங்க."

தவமணி ஒரு மரத்தட்டைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினாள்.

தோசைக்கல் அகலத் தட்டு. நடுவில் ஓர் ஆணி. ஆணியிலிருந்து விளிம்புவரை ஒரு நூல், நூல் நுனி ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் மெழுகு. விளிம்பில் ஒரே ஓர் இடத்தில் சிவப்புப் பொட்டு. நூல் அந்தப் பொட்டின் மேல் ஒட்டியிருந்தது. கூடவே ஒரு ஈர்க்குத் துண்டு, நகத்தளவு.

"பொட்டு உங்க முகத்துக்கு நேரா இருக்கணும். நூல் எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் திரும்பி ஒரு எட்டு வைங்க. வச்சதும் நூலை ஒரு ஈர்க்கு வலப்பக்கம் தள்ளுங்க. மறுபடி பொட்டு முகத்துக்கு நேரா. நூல் காட்டுற பக்கம் திரும்பி ஒரு எட்டு. அவ்வளவுதான்."

"எதுவரைக்கும்?"

தவமணி அதற்குள் வேறெங்கோ பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

சீனியம்மா ஓலைப்பெட்டி முடைகிறவள். கையில் எது கிடைத்தாலும் அளந்து பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அங்கேயே உட்கார்ந்து ஈர்க்கை விளிம்பில் வைத்து வைத்து ஒரு சுற்று வந்தாள். கடைசி ஈர்க்கு பொட்டில் வந்து நிற்கவில்லை. பொட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டது.

"சரியா அடங்கலையே தாயி. மிச்சம் வருதே."

"வரும்."

"பெட்டின்னா இந்நேரம் பிரிச்சுப் போட்டிருப்பேன்."

"நடங்க" என்றாள் தவமணி.



நடந்தாள்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. நூல் பொட்டை விட்டு அதிகம் விலகவில்லை. கிட்டத்தட்ட நேராகப் போனாள். மிதித்த இடத்தில் உப்புப் பொருக்கு நொறுங்கி அடியிலிருந்த கரிய சேறு தெரிந்தது. வெள்ளையில் கறுப்புக் காலடிகள். இடுப்பில் செருகிய மூட்டைக்குள் வளையல்கள், திரும்பும்போதெல்லாம் ஒரு தடவை கலகலத்தன.

பிறகு பாதை வளைந்தது. பிறகு நன்றாக வளைந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் முந்தைய எட்டைவிட ஒரு ஈர்க்கு கூடுதலாகத் திரும்ப வேண்டியிருந்தது. சுற்றினாள். சுற்றுக்குள் சுற்றினாள். நூல் பொட்டுக்கு நேர் எதிரே வந்தபோது திரும்புவது என்றால் அப்படியே பின்பக்கம் திரும்புவது என்றாகிவிட்டது. ஒரு எட்டு போனாள், ஒரு எட்டு வந்தாள். போனாள், வந்தாள். அந்த இடத்தில் உப்பே இல்லை, மிதிபட்டு வெறும் சேறாகிவிட்டது.

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கப் பரணுக்கு வந்தாள். இதைத்தானே நான் வீட்டில் செய்கிறேன், இதற்கு ஒரு தட்டு வேறயா என்று கேட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் விளையாடுகிறாயா என்று கேட்டாள். இன்னும் சிலது கேட்டாள், அதை எழுத வேண்டாம்.

தவமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நூல் எங்க இருக்கு?"

"பொட்டுக்கு எதிர்த்தாப்புல."

"தட்டு என்ன சொல்லுது?"

"இன்னொரு ஈர்க்கு தள்ளச் சொல்லுது."

"அப்ப?"

சீனியம்மா முணுமுணுத்துக்கொண்டே சேற்றுக்குத் திரும்பிப் போனாள்.

இன்னொரு ஈர்க்கு தள்ளினாள். இன்னொன்று. நூல் எதிர்ப்புள்ளியைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. வலப்பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றுவதற்குப் பதில் இடப்பக்கம் கொஞ்சம் திரும்பினாலும் அதே திசைதானே என்று அவளுக்குத் தோன்றியது. இது ஏமாற்றுவேலை ஆகுமோ என்று பரணைப் பார்த்தாள். தவமணி கவனித்ததாகத் தெரியவில்லை. சரி என்று இடப்பக்கமே திரும்பினாள். அடுத்த எட்டுக்கு அதைவிடக் குறைவாகத் திரும்பினால் போதும். அதற்கடுத்ததற்கு இன்னும் குறைவு.

சுழி விரிந்தது.

அதே எட்டு, அதே ஈர்க்கு, அவள் ஒன்றையும் மாற்றவில்லை. உள்ளே இழுத்துக் கொண்டுபோய் அடைத்த அதே கணக்குதான் அவளை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. வட்டம் பெரிதாகி, பெரிதாகி, வளைவாகி, கடைசியில் நேர்ப்பாதை ஆயிற்று. சீனியம்மாவுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுது நாளாகிவிட்டதால் அது எந்த அழுகை என்று அவளுக்கே முதலில் பிடிபடவில்லை.

நூல் பொட்டை நெருங்கியது. பொட்டின் மேல் நிற்காமல், கொஞ்சம் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது. அவள் நடந்தாள். பாதை வளைந்தது. மறுபடியும் நன்றாக வளைந்தது.

"அட கடவுளே" என்றாள் சீனியம்மா.

இரண்டாவது சுழி. மறுபடியும் சேறு, மறுபடியும் ஒரு எட்டு போய் ஒரு எட்டு வந்து. இந்தத் தடவை பரணுக்குப் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நூலைத் தள்ளினாள். அதுவும் விரிந்தது. விரிந்து வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஒரு காலடி.

அவளுடையதுதான். காலையில் வைத்த முதல் காலடி. அதன் மேலேயே வந்து நிற்கவில்லை, ஒரு கை நீட்டும் தூரம் தள்ளி நின்றாள். ஆனால் அந்தத் தூரம் அப்போது அவள் கண்ணில் படவில்லை. நாள் முழுக்க நடந்து கிளம்பின இடத்துக்கே வந்திருக்கிறோம் என்பதுதான் பட்டது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.



தப்பு தன்னிடம் இல்லை என்று தெரிந்தால் மனுஷருக்கு எவ்வளவு தெம்பு வருகிறது! மறுநாள் எழுந்ததும் சீனியம்மா கண்டுபிடித்துவிட்டாள். தப்பு ஈர்க்கில் இருந்தது. அளவு சரியில்லாத ஈர்க்கை வைத்துக்கொண்டு நடந்தால் வழி எப்படிச் சரியாக வரும்?

தவமணியிடம் சொல்லவில்லை. பாவம், சின்னப் பெண், அளவு தெரியாமல் வெட்டிவிட்டாள், நாமே சரி பண்ணிக்கொள்வோம் என்று நினைத்தாள்.

பெட்டி முடைகிறவர்கள் அளக்கும் விதம் ஒன்று உண்டு. ஓர் ஓலை நறுக்கைத் தட்டின் விளிம்பைச் சுற்றிப் பிடித்து, நுனியும் நுனியும் தொடும் இடத்தில் வெட்டினாள். அதைச் சரிபாதியாக மடித்தாள். அதையும் சரிபாதியாக மடித்தாள். பழைய ஈர்க்கின் அளவுக்குக் கிட்டத்தட்ட வரும்வரை மடித்துக்கொண்டே போனாள். மடிப்பின் நீளத்துக்குப் புதிதாக ஓர் ஈர்க்கு நறுக்கினாள். வைத்துப் பார்த்தாள். ஒரு சுற்று வந்து பொட்டின் மேல் கச்சிதமாக நின்றது. இத்துணூண்டு மிச்சமில்லை.

பழையதைத் தூக்கி எறிய மனசில்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றைக்குப் பனிமூட்டம். பரண் தெரியவில்லை, வானம் தெரியவில்லை. புதிய இடத்தில் முதல் எட்டு வைத்தாள். ஒரு சுழி உள்ளே, ஒரு சுழி வெளியே. இன்னொரு சுழி உள்ளே, வெளியே. நடை நேற்றைவிடச் சுத்தமாக வந்தது. சேற்று நடுவில்கூட அவள் கலங்கவில்லை. அளவு சரியாக இருக்கிறது, பிறகென்ன?

வெளியே வந்து கடைசி எட்டு வைத்தபோது அவள் கால் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

குனிந்து பார்த்தாள். முதல் காலடி. குதிகாலுக்குக் குதிகால், விரலுக்கு விரல் பொருந்தியிருந்தது. நூல் பொட்டின் மேல் நின்றது. பெட்டி வாய் கூடும்போது வரும் திருப்தி அவளுக்கு வந்தது.

அடுத்த எட்டு இரண்டாவது காலடியில் இறங்கியது.

அதற்கடுத்தது மூன்றாவதில்.

போகப் போக எல்லாம் அப்படியே. சுழி உள்ளே, சுழி வெளியே, எந்த எட்டும் புதிய உப்பை மிதிக்கவில்லை. பொருக்கு நொறுங்கும் சத்தமே இல்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது. பனிக்குள் அந்தச் சத்தம் முன்னாலும் கேட்டது, பின்னாலும் கேட்டது. முன்னால் ஒரு சீனியம்மாவும் பின்னால் ஒரு சீனியம்மாவும் நடந்துகொண்டிருக்கிறார்களோ என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று பேருக்கும் ஒரே காலடி போதுமாக இருந்தது.

எத்தனை சுற்று என்று அவளுக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் தட்டைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தாள். பார்க்க வேண்டியிருக்கவில்லை. கால் தானாகப் பள்ளத்தைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், சுகமாக இருந்தது.

அந்தச் சுகம்தான் அவளைப் பயமுறுத்தியது. இங்கே இப்படியே நடக்கலாம். முத்துக்கனிக்கு வலி வரும், என்ன ஆகுமோ ஆகும், தலை நரைக்கும், பல் கொட்டும். அப்போதும் இந்த உப்பில் ஒருத்தி ஒரே ஒரு தடவை நடந்த தடம்தான் இருக்கும்.

சீனியம்மா தட்டைக் கட்டிக்கொண்டு பாதையை விட்டு ஓடினாள். பரண் எந்தப் பக்கம் என்று தெரியாமலே ஓடினாள்.



மூட்டம் விலகும்போது பரணின் பனங்கட்டைக் கால் ஒன்று அவள் கையில் தட்டுப்பட்டது.

மேலே இருந்து ஏணி இறங்கியது. இதுவரை யாருக்கும் இறங்காத ஏணி.

"ஏறி வாங்க" என்றாள் தவமணி.

பரண் மேல் இரண்டு பேர் உட்காரத்தான் இடம். தவமணி பக்கத்தில் பார்க்கும்போது இன்னும் சின்னவளாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். சீனியம்மா வெட்கத்தோடு புதிய ஈர்க்கைக் காட்டினாள். தவமணி வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லா நறுக்கியிருக்கீங்க என்றாள். பிறகு கீழே கை காட்டினாள்.

வெயில் வந்திருந்தது. உப்புவெளி முழுக்க விரிந்து கிடந்தது.

முதலில் தெரிந்தது இன்றைய தடம். இரண்டு சுழிகள், ஆரம்பமும் முடிவும் ஒட்டிப்போன ஒரே மூடின கோடு. மை போலக் கறுப்பு. சீனியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குச் சற்றுத் தள்ளி நேற்றைய தடம். அதுவும் இரண்டு சுழிதான். ஆனால் மூடவில்லை. கடைசிக் காலடி முதல் காலடியைத் தொடாமல் ஒரு கை தூரம் விலகி நின்றது.

"அங்க பாருங்க" என்றாள் தவமணி.

வெகு தூரத்தில், வெளுத்துப்போன பழைய தடம் ஒன்று. அது தொடங்கிய இடத்தில் சுழிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன, தரையில் கொட்டின வளையல்கள் மாதிரி. எது எதன் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் குவியலின் ஓரத்தில் ஒரு சுழி கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் தள்ளி. பிறகு குவியல் விரியத் தொடங்கியது. சுழிகள் வரிசையாகி, வரிசை வளைவாகி, வளைவு நேராகி, உப்புவெளியின் குறுக்கே நீண்டு போயிற்று. போய் மறுபடி வளைந்து, இறுகி, ஒரு பெரிய சுழியாகச் சுருண்டது. சின்னச் சுழிகளால் ஆன பெரிய சுழி.

சீனியம்மாவுக்கு அந்த வடிவம் தெரியும். அதைக் காலால் நடந்திருக்கிறாள். பெரியதும் சின்னதும் ஒன்றேதான்.

குவியலைக் கை காட்டினாள்.

"அந்தக் குவியல்ல நடக்கும்போது எப்படி இருந்திருக்கும்?"

"கிளம்புறேன், திரும்பிடுறேன்னு இருந்துச்சு" என்றாள் தவமணி.

அப்போதுதான் சீனியம்மாவுக்கு அது யார் தடம் என்று தெரிந்தது.

"அதிலேருந்து எது தாயி வெளிய கொண்டாந்துச்சு?"

தவமணி கையை நீட்டினாள். சீனியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பழைய ஈர்க்கைக் கொடுத்தாள். தவமணி தட்டை மடியில் வைத்து, விளிம்பில் கடைசி ஈர்க்கு விழும் இடத்தில் அதைப் பிடித்துக் காட்டினாள். பொட்டைத் தாண்டி நெல்லின் மூக்கு அளவு நீட்டிக்கொண்டிருந்தது.

"பாதி வழியில திரும்பிடுவேன்னீங்களே" என்றாள். "எல்லாத் தடவையும் ஒரே பாதியா?"

சீனியம்மா விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். முதல் தடவை வாய்க்கால் மதகு வரை போனாள். அதற்கடுத்து முறிந்த பனை. ஒரு தடவை அழுதுகொண்டே வழிதவறி, பார்த்தே இராத ஒரு கடலைக்காட்டு மூலையில் நின்றாள். கடைசித் தடவை மாட்டுக்கொட்டில் ஒன்றின் பக்கத்தில்.

ஒரு தடவைகூட அதே இடம் இல்லை.



ஏணியில் கால் வைக்கப் போனவள் நின்றாள். பெட்டி முடைகிறவள் கண் எதையும் கடைசி முனைவரை பார்க்காமல் விடாது. தவமணியின் தடத்தை மறுபடி பார்த்தாள். பெரிய சுழிக்குள், இறுகிக்கொண்டே போன சின்னச் சுழிகளைப் பார்வையால் தொடர்ந்தாள். அது நடுவுக்கு வந்தது. நடுவில் முடிந்தது. முடிந்த இடத்தில் நான்கு பனங்கட்டைகள் நட்டிருந்தன.

அவள் நின்றுகொண்டிருந்த பரணின் கால்கள்.

"இது நடுவுலயே நிக்குதே தாயி. வெளிய வரலையே."

தவமணி தலையாட்டினாள்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"ஏறிப் பார்த்தேன்" என்றாள் தவமணி கடைசியில். "எல்லாம் தெரிஞ்சுது. எப்ப உள்ள போனேன், எப்ப வெளிய வந்தேன், எல்லாம். அழகா இருந்துச்சு. கீழ இறங்கினா அடுத்த எட்டு மட்டும்தானே தெரியும்."

"எத்தனை காலமாச்சு?"

தவமணி உதட்டைப் பிதுக்கினாள். சீனியம்மாவுக்கு மனசு பொறுக்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளை, இந்த வெயிலிலும் காற்றிலும், ஊருக்கெல்லாம் தட்டை இறக்கிக்கொண்டு, தான் மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். சீனியம்மா விறுவிறுவென்று ஏணியில் இறங்கினாள். கீழே நின்று கையை மேலே நீட்டினாள்.

"இறங்கி வாங்க. கால் பழகாம விட்டுப்போயிருக்கும். பிடிச்சுக்கங்க."

நீட்டின பிறகுதான் அது எந்தக் கை என்று ஞாபகம் வந்தது. இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அதற்குள் தவமணி பிடித்துவிட்டாள்.

தவமணி தடவித் தடவிக் கால் வைத்தாள். ஏணியின் ஒவ்வொரு படியிலும் அவள் பாரம் சீனியம்மாவின் உள்ளங்கையில் இறங்கியது. விரல்கள் இறுகின.  அந்த விரல்கள் எப்போது தளருமோ என்று சீனியம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தளரவில்லை. கடைசிப் படி, பிறகு தரை. தவமணி நின்றாள், உயிரோடு, இரண்டு காலில்.

அவள் கையை விட்டதும் சீனியம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது.

பரண் காலில் தவமணியின் பழைய மரத்தட்டு மாட்டியிருந்தது. அதன் மேல் உப்பு படிந்திருந்தது. நூல் பொட்டுக்கு நேர் எதிரே இருந்தது. சீனியம்மா அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, தவமணி கையில் கொடுத்தாள்.

"தட்டு என்ன சொல்லுது?"

தவமணி நூலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னொரு ஈர்க்கு தள்ளச் சொல்லுது."

"அப்ப?" என்றாள் சீனியம்மா.

மூட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு தெற்கே நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் முதுகுக்குப் பின்னால் உப்பு ஒரு தடவை நொறுங்கியது.

சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை.



வாய்க்கால் மதகைத் தாண்டினாள். முறிந்த பனையைத் தாண்டினாள்.

மாட்டுக்கொட்டில் கொஞ்சம் பின்தங்கிய இடத்தில் பயம் வந்தது. எங்கேயும் போகாமல் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி வந்தது.  மூத்தவளின் முகம் வந்தது. கால் தானாகத் திரும்பியது.

சீனியம்மா தடுக்கவில்லை. திரும்பட்டும் என்று விட்டாள்.

அரை வட்டம் திரும்பியாயிற்று. எதிரே வீட்டுக்குப் போகும் வழி, இத்தனை தடவையும் அழுதுகொண்டு நடந்த அதே வழி. மூட்டைக்குள் வளையல்கள் கலகலத்தன.

அவள் கால் எடுத்து வைக்கவில்லை. நிற்கவுமில்லை. இன்னும் கொஞ்சம் திரும்பினாள். பிறகு இன்னும் கொஞ்சம்.



தெற்கூரில் முத்துக்கனி அடுப்பின் முன்னால் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை திடீரென்று ஓர் உதை விட்டது. என்னடா என்று நிமிர்ந்து, வயிற்றில் கை வைத்தபடி நின்றாள்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு வளையல் சத்தம் கேட்டது.